'போரிட்ஜ்' தொடரை மீண்டும் எடுத்தபோது: ஒரு சிறை சிட்காமை ஓட வைப்பது எது?

பிபிசியின் சிறை நகைச்சுவைத் தொடரான (சிட்காம்) 'போரிட்ஜ்' 1974 செப்டம்பரில் தொடங்கி 1977 மார்ச்சில் முடிந்தது. 3 பருவங்களில் 18 பகுதிகள், 2 கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதிகள், அதற்கு முன் 1973 ஏப்ரல் 1 அன்று தனி நாடகமாக வந்த முன்னோட்டம் என்று எல்லாம் சேர்த்து 21தான். இவ்வளவு குறைவாக எடுக்கப்பட்ட தொடர், 2004-ல் பிபிசி நடத்திய 'பிரிட்டனின் சிறந்த சிட்காம்' வாக்கெடுப்பில் 7-வது இடத்தைப் பிடித்தது. டிக் கிளெமென்ட், இயன் லா ஃப்ரெனே என்ற அதே எழுத்தாளர்கள் அதே பிபிசி ஒன் அலைவரிசைக்காக அதை மீண்டும் எழுதினார்கள். 2016 ஆகஸ்ட் 28 அன்று ஒரே ஒரு அரைமணி நேரப் பகுதி வந்தது. அடுத்து 2017 அக்டோபர் 6 முதல் நவம்பர் 10 வரை 6 பகுதிகள். அதோடு நின்றது. இரண்டாவது பருவம் வரவில்லை.

பழைய தொடரில் நாயகன் ஃபிளெட்சராக நடித்த ரானி பார்க்கர் இல்லை, அதனால் எடுபடவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். பார்க்கர் 2005-ல் இறந்தார், அவருக்கு ஈடு கிடையாது என்பதும் உண்மை. ஆனால் இப்படி ஒரு தொடரை இனி எடுக்க நினைப்பவருக்கு அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. சிறைக்குள் எதற்குத் தட்டுப்பாடோ அதை வைத்தே பழைய தொடர் ஓடியது. அந்தத் தட்டுப்பாட்டை இன்றைய சிறையில் தேடிப் பிடிப்பதுதான் முதல் வேலை. நடிகர் தேர்வெல்லாம் அதற்குப் பிறகு.

எழுதத் தொடங்கியபோது கிளெமென்ட்டுக்கும் லா ஃப்ரெனேக்கும் எதுவும் ஓடவில்லை. லண்டனில் பிரிக்ஸ்டன், வாண்ட்ஸ்வொர்த், வொர்ம்வுட் ஸ்க்ரப்ஸ் சிறைகளைப் போய்ப் பார்த்துவிட்டு மனம் சோர்ந்து திரும்பினார்கள். இந்த இடத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதே அவர்களுடைய பிரச்சினை. வழி காட்டியவர் ஜோனதன் மார்ஷல் என்ற முன்னாள் கைதி. சிறையில் தாக்குப்பிடிப்பது எப்படி என்று புத்தகம் எழுதியிருந்த அவர், கைதியை நாள்தோறும் நிமிர்ந்து நிற்க வைப்பவை 'சின்னச் சின்ன வெற்றிகள்' என்றார். தொடரின் விதி அங்கே பிறந்தது: தப்பிப்பது கிடையாது, கலகம் கிடையாது. சாயங்காலம் கதவு பூட்டப்படும்போது நிர்வாகத்திடமிருந்து ஒரு சிறு துண்டையாவது பிடுங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த விதி ஒரு பகுதிக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இரண்டாம் பருவத்தின் முதல் கதையைப் பார்க்கலாம். ஃபிளெட்சரின் செல்லிலிருந்து ஒரு டின் அன்னாசித் துண்டுகள் காணாமல் போகிறது. அரைமணி நேரமும் அந்த ஒரு டின்னைச் சுற்றித்தான். வெளியே கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைப்பது உள்ளே நம்பிக்கை, துரோகம், விசாரணை, தண்டனை என்று முழு நீதிமன்றமாகவே விரிகிறது. திருடர்களால் நிறைந்த இடத்தில் திருட்டு நடந்ததற்காகத் திருடர்கள் கொதிக்கிறார்கள். கதைக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அதே பருவத்தில் இன்னொரு கதை. ஒரு சனிக்கிழமை மதியம் ஃபிளெட்சருக்குக் கொஞ்ச நேரம் தனியாகப் படுத்திருக்க வேண்டும். அதைத் தவிர வேறு ஆசை இல்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம் கதவைத் தட்ட, கடைசியில் பொறுமை இழந்து பாதிரியாரை மாடி வராந்தாவிலிருந்து கீழே தள்ளிவிடுகிறார். தண்டனை 3 நாள் தனிக்கொட்டடி. அதை இரண்டு வாரமாக்க முடியுமா என்று கேட்கிறார். நாயகன் கேட்டது கிடைத்துவிட்டது, நிர்வாகமும் தண்டித்துவிட்டது. இரண்டு பக்கமும் ஜெயித்ததாக நினைக்கிறது. சிறை சிட்காமின் முடிவு இப்படித்தான் அமைய வேண்டும். கைதி முழுதாக ஜெயித்தால் அது சிறையே இல்லை, முழுதாகத் தோற்றால் சிரிப்பு வராது.

எதிர்த்தரப்பும் இதே கணக்கில் அமைந்தது. ஃபுல்டன் மக்கே நடித்த வார்டர் மக்கே விறைப்பானவர், எல்லோரையும் சந்தேகிப்பவர், ஆனால் விதியை மீறாதவர். பிரையன் வைல்ட் நடித்த பேரோக்ளஃப் இளகிய மனசுக்காரர், கைதிகளைத் திருத்த முடியும் என்று நம்புபவர். இருவரில் ஒருவர் மட்டும் இருந்திருந்தால் ஃபிளெட்சருக்கு வேலையே இருந்திருக்காது. ஒருவரிடம் நழுவ வேண்டும், மற்றவரிடம் கறக்க வேண்டும். மக்கே கொஞ்ச நாள் வெளியே போக, அவர் இடத்துக்கு ஒரு கொடூரமான வார்டர் வரும் கதையில் கைதிகள் கூடித் திட்டமிட்டுக் குழப்பம் செய்கிறார்கள், பழைய மக்கேயே திரும்பி வரட்டும் என்பதற்காக. இந்த உறவைச் சிறையில் இருந்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். 20 ஆண்டுகள் ஆயுள் தண்டனையை உள்ளே கழித்து, பின்னர் 'கார்டியன்' நாளிதழில் எழுதிய எர்வின் ஜேம்ஸ், கைதிக்கும் வார்டருக்கும் நடுவே உள்ள உறவை ஃபிளெட்சர் – மக்கே மோதல் அளவுக்கு உண்மையாகக் காட்டியது அபூர்வம் என்று பதிவுசெய்திருக்கிறார்.

கிளெமென்ட்டும் லா ஃப்ரெனேயும் பழைய தொடருக்கு மறுபடி உயிர் கொடுப்பதில் புதியவர்கள் இல்லை. 1964–66-ல் வந்த தங்கள் 'தி லைக்லி லாட்ஸ்' தொடரை 1973-ல் திரும்ப எடுத்தார்கள். நண்பர்கள் இருவரும் அதே நடிகர்கள். இடையில் ஓடிய ஆண்டுகளில் ஒருவன் வீடு, கல்யாணம், அந்தஸ்து என்று மேலேறியிருக்கிறான், இன்னொருவன் ராணுவத்திலிருந்து திரும்பி வந்து ஊரே மாறிப்போனதைப் பார்க்கிறான். மறுவருகையின் கதையே அந்த இடைவெளிதான். முதல் தொடரைவிட இரண்டாவது மேல் என்று சொல்பவர்கள் ஏராளம், எங்கள் கருத்தும் அதுவே. 1980-களில் ஐடிவியில் வந்த 'ஆஃப் வீடர்சேன், பெட்' 2002-ல் பிபிசிக்குத் திரும்பியபோது முக்கிய நடிகர்கள் ஏழு பேரில் ஒருவரான கேரி ஹோல்டன் உயிரோடு இல்லை. அவருடைய பாத்திரத்துக்கு ஒரு மகனை உருவாக்கிச் சேர்த்தார்கள். மற்ற ஆறு பேர் வயதானவர்களாக அங்கேயே இருந்ததால் அந்த ஒட்டு தாங்கியது.

'போரிட்ஜு'க்கு அந்த வசதி இல்லை. ஃபிளெட்சரின் செல்லில் உடன் இருந்த இளம் கைதி காட்பராக நடித்த ரிச்சர்ட் பெக்கின்சேல் 1979 மார்ச்சில், 31 வயதிலேயே மாரடைப்பில் இறந்தார். ஃபுல்டன் மக்கே 1987-ல், பார்க்கர் 2005-ல், வைல்ட் 2008-ல். 2016-ல் நடுவில் நிற்க யாரும் மிச்சமில்லை. இதே பார்க்கரின் 'செவன் ஆஃப் ஒன்' வரிசையில் 1973-ல் முன்னோட்டம் கண்ட இன்னொரு தொடர் 'ஓப்பன் ஆல் அவர்ஸ்'. அது 2013-ல் 'ஸ்டில் ஓப்பன் ஆல் அவர்ஸ்' ஆகத் திரும்பி 2019 வரை ஓடியது. அதில் கிரான்வில்லாக நடித்த டேவிட் ஜேசன் இருந்தார் என்பதே முக்கியக் காரணம். கஞ்ச மாமாவிடம் வேலை பார்த்த பையன் கிரான்வில், வயதாகி, அதே கடையில், அதே கல்லாவுக்குப் பின்னால், தானே கஞ்ச மாமா ஆகிவிட்டான். பெக்கின்சேல் இருந்திருந்தால் 'போரிட்ஜு'க்கும் இப்படி ஒரு வழி திறந்திருக்கும். ஃபிளெட்சரிடம் பாடம் கேட்ட காட்பர், 60 வயதில் வேறு ஏதோ காரணத்துக்காக மறுபடி உள்ளே வந்து, ஒரு புதுப் பையனுக்குப் பாடம் எடுக்கும் தொடர். அதை நினைத்தால் இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

ஆக, ஃபிளெட்சரின் பேரன் வந்தான். கெவின் பிஷப் நடித்த நைஜல் நார்மன் ஃபிளெட்சர், இணையக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்று வேக்லி என்ற கற்பனைச் சிறைக்கு வருகிறான். விறைப்பான வார்டர் மீக்கியாக மார்க் பொன்னர், இளகிய பிரெய்த்வெயிட்டாக டாமினிக் கோல்மன். செல்லில் உடன் இருப்பவர் ஜோ லாட்டர்பி என்ற முதிய ஆயுள் கைதி, நடித்தவர் டேவ் ஹில். பழைய தொடரின் தயாரிப்பாளர் சிட்னி லாட்டர்பிக்குச் செய்த மரியாதை அந்தப் பெயர்.

இந்த அமைப்பில் மூன்று கோளாறுகள் தெரிகின்றன. முதலாவது நிழல் விழுவது. மக்கேக்கு மீக்கி, பேரோக்ளஃபுக்கு பிரெய்த்வெயிட், ஃபிளெட்சருக்கு ஃபிளெட்சர் என்று ஒன்றுக்கொன்று வைத்துவிட்டால், பார்ப்பவர் ஒவ்வொரு நொடியும் ஒப்பிடத்தான் செய்வார். பிஷப்பின் பேச்சு இழுப்பிலும் முகபாவத்திலும் பார்க்கர் தெரிகிறார் என்ற பேச்சு எழுந்தது. நடிகரைக் குறை சொல்லிப் பயனில்லை. பேரன் என்று எழுதிக் கொடுத்த பிறகு தாத்தாவின் சாயலே இல்லாமல் நடித்திருந்தால் அதையும் குறையாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

இரண்டாவது, வயது தலைகீழானது. 1974-ல் களி தின்று பழகிய ஃபிளெட்சருக்கு 5 ஆண்டு, முதன்முறை உள்ளே வந்த காட்பருக்கு 2 ஆண்டு. சிறையைப் பற்றிப் பார்வையாளருக்குத் தெரிய வேண்டிய எல்லாவற்றையும் காட்பர் கேட்பான், ஃபிளெட்சர் சொல்வார். விளக்கம் என்றே தெரியாமல் விளக்கம் நடந்துவிடும். நாயகனே புதியவனாகவும், உடன் இருப்பவர் பழையவராகவும் மாறினால் நல்ல வசனங்கள் இயல்பாகக் கிழவர் பக்கம் போகும், நாயகன் கேள்வி கேட்பவனாகிவிடுவான். அதைத் தவிர்க்க அவனை வாய்ச்சவடால்காரனாக எழுத வேண்டும். அப்போது, உள்ளே வந்த புதிதில் இவனுக்கு இத்தனை தெனாவட்டு எப்படி என்ற கேள்வி வரும்.

மூன்றாவதுதான் பெரியது: குற்றம். பழைய ஃபிளெட்சர் தொழில்முறைத் திருடன். ஆள் பார்த்து அளப்பது, கவனத்தைத் திருப்புவது, கை வேகம், நாக்குச் சாமர்த்தியம் எல்லாம் சிறைக்குள்ளும் அப்படியே செல்லுபடியாகும். கணினித் திருடனின் திறமை அத்தனையும் இணையத்தில் இருக்கிறது, சிறைக்குள் கைதிக்கு இணையம் கிடையாது. ஆகவே அவன் திறமையைக் காட்ட வேண்டுமென்றால் கதாசிரியர் எங்கிருந்தாவது ஒரு கணினியை அவன் முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். சிட்காமில் நாயகனின் திறமை அவன் இருக்கும் அறையிலேயே பயன்பட வேண்டும். இன்றைய குற்றமே வேண்டுமென்றால் தொலைபேசி மோசடிக்காரன் பொருத்தமாக இருந்திருப்பான். முன்பின் தெரியாத குரலை அரை நிமிடத்தில் எடைபோட்டு நம்ப வைக்கும் தொழில் அது. எந்த வார்டரிடமும் கைகொடுக்கும்.

இனி தட்டுப்பாடு. 1974-ல் இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் சுமார் 37,000 பேர் இருந்தார்கள். 2017-ல் சுமார் 85,000. அன்று செல்லுக்குள் கழிப்பறை இல்லை. இரவெல்லாம் பானையில் போய், காலையில் வரிசையில் நின்று கொட்ட வேண்டும். 1990 ஏப்ரலில் மான்செஸ்டரின் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில் 25 நாள் நீடித்த கலகத்துக்குப் பிறகு வந்த வுல்ஃப் அறிக்கை அழுத்தம் கொடுத்து, 1996-ல்தான் அந்த வழக்கம் அதிகாரபூர்வமாக முடிவுக்கு வந்தது. பழைய தொடரின் நாணயம் புகையிலை. கடன், வட்டி, பந்தயம், லஞ்சம் எல்லாம் அதில்தான் நடக்கும். புது 'போரிட்ஜ்' ஒளிபரப்பான நாட்களிலேயே இங்கிலாந்துச் சிறைகளில் புகைபிடிக்கும் தடை படிப்படியாக அமலாகிக்கொண்டிருந்தது. 2018-க்குள், திறந்தவெளிச் சிறைகள் தவிர, அனைத்திலும் அமலுக்கு வந்துவிட்டது. ஒரு பொருளாதாரத்தின் நாணயம் ஒரே ஆண்டில் செல்லாக்காசாகிறது. சிறை சிட்காம் எழுதுபவருக்கு இதைவிடப் பெரிய கொடை கிடைக்காது. கையிருப்பில் புகையிலை பதுக்கியவன் திவாலாகிறான், வேப் குழாயும் டூனா மீன் டின்னும் வைத்திருப்பவன் பணக்காரனாகிறான். பழைய ஆயுள் கைதிக்கு இந்த மாற்றுவிகிதம் எதுவும் பிடிபடவில்லை. ஒரு பருவத்துக்கே இது போதும்.

இன்றைய உண்மையான அரிய பொருள்களை எடுத்துக்கொண்டால், முதலில் நேரம். 2010-க்குப் பிறகு கைதிகளோடு நேரடியாக வேலை பார்க்கும் வார்டர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய கால்வாசி குறைந்தது. ஆள் இல்லாததால் கதவு திறக்கப்படுவதில்லை. குளிக்கவும், வீட்டுக்குப் போன் பேசவும், நடக்கவும் ஒதுக்கப்பட்ட நேரம் ஒரே அரைமணியாகச் சுருங்கிவிடும் நாட்கள் உண்டு. அந்த அரைமணியில் மூன்றையும் எப்படிச் செய்வது என்பது ஒரு முழுப் பகுதிக்கான கதை, அதுவும் நிகழ்நேரத்திலேயே ஓடக்கூடிய கதை. அடுத்தது படிவங்கள். எதற்கும் விண்ணப்பம், வாரம் ஒருமுறை கேன்டீன் தாள் (சிறைக்கடையில் வாங்க வேண்டியவற்றின் பட்டியல்) நிரப்புவது, ஒரு கட்டம் தவறினால் இன்னொரு வாரம் காத்திருப்பது. மூன்றாவது அந்தஸ்து. 1995-ல் கொண்டுவரப்பட்ட சலுகை முறையில் கைதிகள் அடிப்படை, சாதாரணம், மேம்பட்டது என்று படிகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். அடிப்படைக்கு இறக்கினால் செல்லிலிருந்து டிவி போய்விடும். சின்ன வெற்றிக்கும் சின்னத் தோல்விக்கும் நிர்வாகமே அளவுகோல் போட்டுக் கொடுத்திருக்கிறது.

அந்த டிவியிடம் எழுத்தாளர் உஷாராக இருக்க வேண்டும். பழைய தொடரின் மிகச் சிறந்த அரைமணி எது என்று கேட்டால், முதல் பருவத்தின் மூன்றாவது பகுதியைச் சொல்வோம். ஏறக்குறைய முழுவதும் ஒரே செல், இரவு, இரண்டு பேர். கதவு பூட்டப்படுகிறது, விளக்கு அணைகிறது, பேசுகிறார்கள். காட்பருக்கு இரவு தாங்க முடியவில்லை. இன்று வெளியே எங்கும் போக வேண்டாம், வீட்டிலேயே அமைதியாக இருந்துவிடலாம் என்று நாமாக முடிவு செய்ததாக நினைத்துக்கொள் என்று ஃபிளெட்சர் சொல்லிக்கொடுக்கிறார். சம்பவம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பகுதி முடியும்போது இருவரும் தகப்பனும் பிள்ளையும் ஆகியிருப்பார்கள். இன்றைய செல்லில் இந்தக் காட்சியை அப்படியே வைக்க முடியாது. மூலையில் டிவி ஓடும். வாரத்துக்கு ஒரு பவுண்டு வாடகை, இருவர் இருந்தால் ஆளுக்கு 50 பென்ஸ். ஓடும் டிவி இருக்கும் அறையில் இரண்டு ஆண்கள் மனம் விட்டுப் பேசமாட்டார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. ஒருவன் செய்த தவறுக்கு இருவருக்கும் சேர்த்து டிவி போகட்டும். முதல் பத்து நிமிடம் சண்டை. அடுத்த பத்து நிமிடம், பாதியில் நின்றுபோன தொடரின் முடிவை ஊகித்து இருவரும் தாங்களே அதை நடித்துப் பார்க்கிறார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில், பேசாமல் தள்ளிப்போட்டது வெளியே வருகிறது. டிவி திரும்பி வரும்போது அதைப் போட இருவருக்கும் மனம் வரக் கூடாது. பழைய காட்சியை நகலெடுக்காமல் அதே இடத்துக்கு வந்து சேரும் வழிகளில் இது ஒன்று.

வசைமொழி இன்னொரு சிக்கல். பிரிட்டனில் இரவு 9 மணிக்கு முன் கடுமையான வசவுகளை ஒளிபரப்ப முடியாது. சிறையில் வசவு இல்லாமல் ஒரு வாக்கியமும் கிடையாது. 1974-ல் எழுத்தாளர்கள் இதற்குத் தனியாக ஒரு சொற்கிடங்கே கட்டினார்கள். 'நெர்க்' (மடையன்) போன்ற சொல்லைப் புதிதாகப் புழக்கத்தில் விட்டார்கள், 'நாஃப் ஆஃப்' (தொலைந்து போ) போன்றதை ஊர் முழுக்கப் பரப்பினார்கள். 1982-ல் இளவரசி ஆன் பத்திரிகைப் புகைப்படக்காரர்களை அதே சொல்லால் விரட்டியதாகச் செய்தி வந்தது. மறுவருகையில் இந்தச் சொற்களை அப்படியே பேச வைத்தால் பேரன் தாத்தாவின் கோட்டைப் போட்டுக்கொண்டவன் போல ஆகிவிடுவான். உண்மையான இன்றைய சிறைப்பேச்சைக் கொட்டினால் பாதிப் பேருக்குப் புரியாது, புரிந்ததும் இரண்டு ஆண்டில் பழசாகிவிடும். ஐந்தாறு சொற்களைப் புதிதாக உருவாக்கி, முதல் பகுதியிலேயே சூழலால் பொருள் விளங்கும்படி ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை பேச வைத்து, பருவம் முழுக்க மாறாமல் வைத்திருப்பதே நிலைத்து நிற்கும் முறை.

படமாக்குவதில் பழைய குழு பட்டபாடு தெரிந்துகொள்ளத் தக்கது. உண்மையான சிறைகளில் படம் எடுக்க உள்துறை அனுமதி மறுத்தது. முகப்புக்கு செயின்ட் ஆல்பன்ஸ் நகரின் பழைய சிறை வாயில், வெளிப்புறக் காட்சிகளுக்கு லண்டனைச் சுற்றியிருந்த மனநல மருத்துவமனைகள், செல்லுக்குள் நடப்பதற்கு பிபிசி டெலிவிஷன் சென்டர் ஸ்டூடியோ. பல மாடி வராந்தாக்களைக் காட்ட ஈலிங் ஸ்டூடியோவில் பயன்படாமல் கிடந்த தண்ணீர்த் தொட்டிக்குள் செட் போட்டார்கள். தொட்டியின் ஆழம்தான் மாடிகளைத் தந்தது. தொடக்கக் காட்சியும் கைச்செலவில்லாத சாதனை. பூட்டுகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம், அதன் மேல் தண்டனையை வாசிக்கும் நீதிபதியின் குரல். அந்தக் குரலும் பார்க்கரே. அரை நிமிடத்துக்குள் நாயகன் பெயர், தொழில், குணம், தண்டனைக் காலம் அத்தனையும் தெரிந்துவிடும். எந்த வாரம் புதிதாக வந்து உட்காருபவருக்கும் வேறு விளக்கம் தேவையில்லை.

பார்வையாளர் முன்னால் பல கேமராக்களில் எடுக்கும் தொடரில் செல்லின் அளவே தொல்லை தரும். 1842-ல் திறந்த பென்டன்வில் சிறையின் செல் 13 அடி நீளம், 7 அடி அகலம், 9 அடி உயரம். விக்டோரியா காலச் சிறைகள் பலவும் இதை ஒட்டியே கட்டப்பட்டவை. இந்த அளவில் செட் போட்டால் ஒரு கேமராவின் சட்டத்துக்குள் மற்றொரு கேமரா வந்துவிடும், பார்வையாளருக்கு நடிகரின் முதுகுதான் தெரியும். அகலத்தைக் கூட்டி, பார்வையாளர் பக்கச் சுவரை எடுத்துவிட வேண்டும். இன்னொரு சுவரைக் கழற்றக்கூடியதாக வைக்க வேண்டும். அகலம் கூடக் கூட நெருக்கடி போய்விடும், சிறை ஹாஸ்டல் அறை போலாகிவிடும். இரட்டைக் கட்டிலைச் சட்டத்தின் நடுவில் வைத்து, நடமாட இடத்தைத் தரையில் மட்டும் குறைப்பது நல்ல தீர்வு. ஒருவர் எழுந்தால் மற்றவர் ஒதுங்கியாக வேண்டும். அந்த ஒதுங்கலே பல சிரிப்புகளைத் தரும்.

நேரில் வந்து சிரிக்கும் பார்வையாளரை வைப்பதா, விடுவதா என்பதில் இன்று அபிப்பிராயம் பிரிந்து கிடக்கிறது. வைக்க வேண்டும் என்பதே எங்கள் பக்கம். சிரிப்பு ஒலி இல்லாமல் ஒரே கேமராவில், இருண்ட வெளிச்சத்தில் சிறையைக் காட்டினால் அது உடனே துயர நாடகமாகிவிடும், அதில் வரும் நகைச்சுவை கசப்பாக இறங்கும். பார்வையாளர் இருந்தால் இன்னொரு கருவியும் கிடைக்கிறது, அவர்களுடைய மௌனம். மூன்றாம் பருவத்தில் டேவிட் ஜேசன் நடித்த கிழவர் பிளாங்கோ, மனைவியைக் கொன்றதாகச் சிறைப்பட்டவர். நிபந்தனை முன்விடுதலையை மறுத்து, நிரபராதி என்ற மன்னிப்பே வேண்டும் என்கிறார். கைதிகள் போராடி வாங்கிக் கொடுக்கிறார்கள். விடைபெறும்போது ஃபிளெட்சர், உண்மையான கொலைகாரனைத் தேடிப் போகாதே என்று எச்சரிக்க, அவன் செத்துப் பல வருடம் ஆகிறது, அவனைக் கொன்றது நான்தான் என்று சொல்லிவிட்டுக் கிழவர் நடக்கிறார். சிரிப்பு கிளம்பி, தொண்டையில் நிற்கும். ஸ்டூடியோவில் ஆள் இல்லாமல் அந்த இடைவெளியை உருவாக்க முடியாது.

இன்றைய சிறை மிகக் கொடியது, அதில் நகைச்சுவை எடுபடாது என்று ஒரு வாதம் உண்டு. வரலாறு அதற்குத் துணை நிற்கவில்லை. இரண்டாம், மூன்றாம் பருவங்களுக்கு நடுவே, 1976 ஆகஸ்ட் கடைசியில், ஹல் சிறையில் நாட்கணக்கில் கலகம் நடந்தது. புதிய சிறப்புப் பகுதிக்கும் புதிய பருவத்துக்கும் நடுவே, 2016 டிசம்பர் 16 அன்று பர்மிங்ஹாம் சிறையில் கலகம். இரண்டு காலமும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. இடம் மாறும்போது இந்த வாதம் கொஞ்சம் எடை பெறுகிறது. இதே எழுத்தாளர்கள் 1975-ல் ஏபிசி அலைவரிசைக்காக அமெரிக்கச் சிறையில் வைத்து 'ஆன் தி ராக்ஸ்' எடுத்தார்கள். 1971-ல் நியூயார்க்கின் ஆட்டிகா சிறையில் 43 பேர் இறந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சிறையை இத்தனை இனிமையாகக் காட்டுவதா என்று எதிர்ப்பு வந்தது, ஒரே பருவத்தில் நின்றது. பிரிட்டனில் கைதி – வார்டர் உறவுக்குள் பேச்சுவார்த்தைக்கு இடம் இருந்தது. பேச்சுவார்த்தை இல்லாத இடத்தில் சின்ன வெற்றி என்று ஒன்று கிடையாது.

சுவர்களைத் தாண்டினாலும் இதே கதிதான். 1978-ல் ஃபிளெட்சரை விடுதலை செய்து 'கோயிங் ஸ்ட்ரெய்ட்' எடுத்தார்கள். 6 பகுதிகள், விருதும் கிடைத்தது. ஆனால் வெளியே வந்த ஃபிளெட்சருக்கு எதிரில், முதல் பகுதிக்குப் பிறகு மக்கே இல்லை, பூட்டிய கதவும் இல்லை. யாரிடமும் எதையும் பிடுங்க வேண்டிய அவசியமில்லாதபோது அவர் சாதாரண மனிதராகிவிடுகிறார். 1979-ல் வந்த திரைப்படம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. தற்செயலாக வெளியே அகப்பட்டுக்கொண்ட ஃபிளெட்சரும் காட்பரும் யாருக்கும் தெரியாமல் சிறைக்குள் திரும்ப நுழையப் பாடுபடுகிறார்கள்.

கடைசியாக எண்ணிக்கை. 6 பகுதிகள் என்பது ஒரு சிறையை அறிமுகம் செய்யவே போதாது. பழைய தொடரின் முதல் பருவமும் 6 பகுதிதான், ஆனால் அதன் துணைப் பாத்திரங்களின் வரிசை மெதுவாக நிரப்பப்பட்டது. சிறையையே ஆட்டிவைக்கும் தாதா ஹாரி க்ரவுட், பீட்டர் வாகன் நடித்தது, மொத்தத் தொடரிலும் மூன்று பகுதிகளில் மட்டுமே முகம் காட்டுகிறார். மற்ற நேரமெல்லாம் அவர் பெயரைச் சொன்னாலே எல்லோரும் குரலைத் தாழ்த்துவார்கள். மிரட்டலை இப்படிச் சேமித்து வைக்க ஒரு தொடருக்கு அவகாசம் வேண்டும். 2017-ல் 80 வயதை எட்டிய இரண்டு எழுத்தாளர்களை நம்பி 6 பகுதிகளை எடுத்து, அடுத்ததைப் பிறகு பார்க்கலாம் என்று விடுவதைவிட, அவர்கள் மேற்பார்வையில் சிறையில் வேலை பார்த்தவர்கள், தண்டனை முடித்து வந்தவர்கள், இளைய எழுத்தாளர்கள் என்று நான்கைந்து பேரைக் கூட்டி, ஆறு மாதம் தட்டுப்பாடுகளைப் பட்டியலிட்டு, 12 பகுதிகளுக்குக் கதை முடிச்சுப் போட்டுவிட்டு, நாயகனின் பெயர் ஃபிளெட்சராக இருக்க வேண்டுமா என்ற கேள்வியை அப்போது எடுத்திருக்கலாம்.